படியில் முட்டி நிற்கும் கால்வாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், எழுதியும் பார்த்தேன், கையெழுத்தெல்லாம் அழகாகத்தான் வந்தது, விஷயம்தான் பொய்யாக இருந்தது, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்திலேயே நின்று என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருப்பாள், அவகிட்ட ஒண்ணும் சொல்லித் தொலைக்காதீங்க, அங்க தனியா உக்காந்து அழுதுகிட்டிருப்பா என்று வாயசைப்பாள். நானும் மழை எப்படி, வெயில் எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிடுவேன். இப்போது கிள்ளுவதற்கு அவள் பக்கத்தில் இல்லை. பதறாதே, உன் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள், மூச்சு இப்போது பரவாயில்லை. ஏன் அங்கே போனாள் என்பதைத்தான் முதலிலிருந்து சொல்லப் போகிறேன், குட்டியைத் தூங்கவைத்துவிட்டு ஆற அமர உட்கார்ந்து படி.

நம் தெருவின் லட்சணம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே ஜல்லியைக் கொட்டி உருட்டிவிட்டுப் போகிறார்கள், இப்போது ரோடு நம் வீட்டு முன்கட்டு மாவு மில்லின் ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. நீ சின்ன வயதில் பையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஏறி வருவாய், உன் மகள் வந்தால் இறங்கித்தான் வர வேண்டும். தெருவின் கடைசி வீடு, பள்ளத்து வீடு, பின்னால் ஓடை. மேலே பெய்கிற மழையெல்லாம் அந்த ஓடைக்குத்தான் போயாக வேண்டும், ஆனால் போகிற வழியில் நம் வீட்டில் தங்கி நாலு நாள் விருந்தாடிவிட்டுத்தான் போகிறது. மோட்டாரைச் செங்கல் அடுக்கி உயர்த்தினேன், பெல்ட் எட்டவில்லை என்று வேறு பெல்ட் மாட்டினேன், அரைக்கக் கொடுத்த மூட்டைகளையெல்லாம் பெஞ்சில் ஏற்றிவைத்தேன், அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. உன் அம்மாவின் மூச்சுக்குத்தான் பழகவில்லை. சுவரில் ஈரம் என் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது, மழை நின்று எத்தனையோ நாள் கழித்தும் விரலை வைத்தால் ஒட்டுகிறது, மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். தலையணையை இரண்டாக மடித்துச் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறாள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார், மருந்து நான் தர்றேன், ஆனா வீட்டைக் காய வைங்க, இல்லேன்னா இவங்களை வேற வீட்டுக்கு அனுப்புங்க, இன்னொரு மழைக்காலம் இவங்க அதுக்குள்ள இருக்கக் கூடாது என்று. மில்லைப் போட்டுவிட்டு நான் எங்கே போவது, அவளை அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் வேறு வேறு கூரையின் கீழ் இருந்தது குட்டி பிறந்தபோது அவள் உன்னிடம் வந்து தங்கியபோது மட்டும்தான், அதற்கே நான் பட்ட பாட்டை நீ கேலி செய்வாய். ஆக அடுத்த மழைக்குள் இந்தத் தெருவுக்கு ஒரு வடிகால் வந்தாக வேண்டும், வந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம், வராவிட்டால் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார், வெளியூர்க்காரர், ஜீப்பை விட்டு இறங்கித் தெருவை மேலும் கீழும் ஒரு நடை நடந்தார். ஒவ்வொருத்தர் வீட்டுப் படியும் கால்வாய் போக வேண்டிய இடத்துல நீட்டிக்கிட்டிருக்கு, முதல்ல படியையெல்லாம் எடுத்துட்டுக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் ஏறிப் போய்விட்டார். ஊருக்கு வந்ததே கோபம். வந்ததும் வராததுமா படியில கை வைக்கிறான், யார் இவன் என்று ஆளுக்கு ஆள் குதித்தார்கள். சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை, தண்ணீர் குடிக்காமல் போனதுதான் தப்பு. நம்ம ஊர் இன்ஜினியர் ஒருத்தன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு, நம்ம ஆளுன்னா நம்ம கஷ்டம் தெரியும் என்று பேச்சு வந்தது, அவனையே அமர்த்தலாம் என்று முடிவாயிற்று, முதலில் கை தூக்கியவன் நான். ஆபீசிலும் சரி என்றார்கள், தலைவலி விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆள் யார் தெரியுமா, உன்னோடு படித்த ரசமட்டம்தான். தெருவின் தலைமாட்டு வீட்டுப் பையன், கரும்பலகை சாய்ந்து தொங்குகிறது என்று பாடத்தின் நடுவே எழுந்து சொல்லி வாத்தியாரிடம் அடி வாங்கினானே, கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவியின் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. பெரிய ஊர்களில் வடிகால் வேலையெல்லாம் எடுத்துச் செய்தவன், கம்பெனியில் ஆள் குறைத்ததில் ஊருக்குத் திரும்பி அக்கா வீட்டில் இருந்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை அவனும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்க மட்டம் பார்த்தோம். ஆனால் உள்ளூர்ப் பிள்ளையை வாசலோடு அனுப்பினால் யாருக்கு மனசு கேட்கும். ஒரு வீட்டில் மாப்பிள்ளை என்கிறார்கள், அடுத்த வீட்டில் சித்தப்பா என்கிறார்கள், அதற்கடுத்த வீட்டில் மச்சான் என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துத் தட்டைப் போடுகிறார்கள். காலையில் முடிய வேண்டிய வேலை நாள்கணக்கில் இழுத்தது. தெருவுக்கு அளவெடுக்க வந்தவன் இடுப்பளவு கூடிப் போனான். உன் அம்மாவும் சும்மா இருந்தாளா, மூச்சு வாங்க வாங்க அவனுக்குச் சமைத்துப் போட்டாள்.

கடைசியில் காகிதத்தில் கோடு போட்டுக் கொண்டுவந்து காட்டினான். தெருவின் ஓரமாக எல்லா வீட்டுப் படியையும் எடுத்துவிட்டுக் கால்வாய், அது நமக்கு அடுத்த கடைக்காரர் வீட்டைத் தாண்டி நம் வீட்டின் பக்கவாட்டில் புகுந்து ஓடையில் விழ வேண்டும். வளைத்துக் கொண்டுபோனால் சரிவு வாட்டம் கிடைக்காது, தண்ணீர் நின்றுவிடும். நேராகப் போனால் நடுவில் உன் அறை. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, பென்சிலால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, அவளே எப்பவாவதுதான் வர்றா, வந்தா எங்க கட்டில்ல படுக்கட்டும், நான் கீழ படுத்துக்கறேன், நீங்க இடிங்க தம்பி என்றாள். ஆமாம் கண்ணு, உன் அறை இப்போது இல்லை. இதைத்தான் உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இடித்த அன்று சமையலறையை விட்டு அவள் வெளியே வரவில்லை, கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். உன் மேஜை மில்லில் இருக்கிறது, மாவு டின்களை அதன்மேல்தான் வைக்கிறேன், புத்தகங்களை எங்கள் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். நீ அடம் பிடித்துப் பச்சை வண்ணம் அடித்த சுவரின் துண்டுகளை வீணாக்க வேண்டாம் என்று கால்வாயின் அடியில் போட்டுக் கெட்டித்தார்கள். உன்னைக் கேட்காமல் செய்தோம், கேட்டிருந்தால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய் என்று தெரியும், அதனாலேயே கேட்க முடியவில்லை.

வடிகால் வேலையைக் கீழிருந்துதான் மேலே கொண்டுபோக வேண்டுமாம். வெளியேறுகிற வழி முதலில் தயாராக இருந்தால்தான் மேலே தோண்டும்போது ஊறுகிற தண்ணீர் வடியும், நியாயம்தான். அதனால் நம் வீட்டில் தொடங்கினார்கள். ஓடையிலிருந்து நம் வாசல் மூலை வரைக்கும் சிமெண்ட் பூசி, விரலால் தடவினால் வழுக்குகிற மாதிரி அழகான கால்வாய். அதற்கு மேலே கடைக்காரர் வீட்டுப் படி. கூட்டத்தில் எல்லோரும் சரி என்று தலையாட்டியவர்கள்தான், கடைக்காரரும் ஆட்டினார். கடப்பாறையோடு ஆட்கள் போய் நின்றதும், அண்ணே, என் கடைக்கு வர்றதெல்லாம் வயசானவங்க, படியில்லாம எப்படி ஏறுவாங்க, மேல இருக்கறவங்க முதல்ல எடுக்கட்டும், அன்னிக்கே நான் என் கையால எடுக்கறேன் என்றார். மேலே போய்க் கேட்டால், கீழயிருந்துதானே வரிசையா வர்றீங்க, எங்க முறை வரட்டும், நாங்க என்ன மாட்டேன்னா சொல்லப் போறோம் என்றார்கள். இப்படியே ஒருவரை ஒருவர் கைகாட்டிக் கைகாட்டித் தெருவின் தலைமாட்டுக்குப் போனால் அது ரசமட்டத்தின் அக்கா வீடு. அந்த அம்மாள் கால்வாய்க்கான இடத்தில் புதிதாகக் குளியலறையே கட்டிவைத்திருக்கிறாள். உன்னைப் படிக்க வெச்சதே உன் அத்தான்தான், அவர் கட்டினதை இடிக்கத்தான் படிச்சியா என்று கேட்டாளாம். அதற்கு மேல் அவனால் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை, அன்று நம் மில்லில் வந்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

ஆபீசுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் அவர்களே ஆளை அனுப்பி எல்லாப் படியையும் எடுத்துவிடுவார்கள், அதற்கு அவனுக்கு அதிகாரம் உண்டு. எழுது தம்பி என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். எழுதிட்டா மாமா, அப்புறம் இந்த ஊர்ல நான் யார் வீட்டுல கை நனைக்க முடியும், பொறந்த ஊர்ல என்னைப் பார்த்து ஒருத்தரும் பேசலேன்னா நான் எங்க போவேன் என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உன் அத்தை எப்படி மூச்சு விடறான்னு பார்த்தியா என்று கத்தினேன். பார்த்தேன் மாமா என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் பொய்க்காரன் இல்லை, சோம்பேறி இல்லை, வெளியூரில் அவனை வேலைக்குப் போட்டிருந்தால் கோட்டை மாதிரி வடிகால் போட்டுக் கொடுத்திருப்பான். வெளியாளைத் திட்டி ஒதுக்கிவிட்டு இவனைக் கூட்டிவந்ததே இவன் நம்மிடம் கண்டிப்பாகப் பேச மாட்டான் என்பதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. நான்தானே முதலில் கை தூக்கினேன், யாரை நொந்துகொள்வது.

மழை வந்தது. கால்வாய் கடைக்காரர் படியில் முட்டி நிற்கிறது, தெருத் தண்ணீருக்கு அதற்குள் இறங்க வழி இல்லை, வழக்கம்போல ரோட்டோடு வந்து நம் வாசலில் இறங்கியது. வாசலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு வெட்டு வெட்டித் திருப்பிவிடலாமே என்று நீ கேட்பாய், உனக்கு இருக்கிற மூளை எனக்கும் இருக்கிறது, வெட்டினேன். கொஞ்ச நேரம் தண்ணீர் சமர்த்தாக ஓடையைப் பார்த்து ஓடியது, உன் அம்மாகூட ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்தாள். அப்புறம் ஓடை ஏறியது. ஓடைத் தண்ணீர் திரும்பி வராமல் இருக்க முனையில் ஒரு இரும்புக் கதவு போட வேண்டும், அது வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் போடுவது, வேலைதான் முடியவில்லையே. உன் அறை இருந்த இடத்தின் வழியாக, நான் வெட்டிய அதே வெட்டு வழியாக ஓடை வீட்டுக்குள் வந்தது. முன்பெல்லாம் தண்ணீர் வாசல் வழியாக மட்டும்தான் வரும், இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுக்கூடத்தில் சந்தித்துக்கொண்டது. மோட்டாரில் தண்ணீர் ஏறிவிட்டது, கட்டில் கால் மூழ்கிவிட்டது, உன் அம்மா கட்டில்மேல் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், சத்தம் வரவில்லை. என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

நான் போட்ட கூச்சலில் முதலில் ஓடிவந்தவர் கடைக்காரர். முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, அண்ணி, என் கழுத்தைப் பிடிச்சுக்கங்க என்று உன் அம்மாவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டார். மேல்தெருவிலிருந்து அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், ரசமட்டத்தின் அக்கா தன் புதுப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள், அவன் வண்டி பிடிக்க மழையில் ஓடினான். வண்டி வரும்வரை அவளை எங்கே உட்காரவைப்பது, தெரு முழுக்கத் தண்ணீர், பக்கத்தில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் வீட்டுப் படி. அதில்தான் உட்காரவைத்தார்கள். ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் காலைத் துடைத்தார், கடைக்காரர் அவளுக்குக் கீழே தண்ணீரில் நின்றுகொண்டு அழுதார். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் உன் அம்மா அந்தப் படியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல வேளை தம்பி, இந்தப் படி இருந்துச்சு என்றாள். குத்தலாகச் சொன்னாளா, மனசாரத்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

ரசமட்டம் இப்போது ஊரில் இல்லை, தூரத்தில் ஏதோ ஒரு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும் முன் வந்தான், தண்ணி மேலயிருந்து கீழ வருது மாமா, மனுஷங்ககிட்டயும் மேலயிருந்து கேட்டுக்கிட்டு வந்திருக்கணும், என் அக்கா வீட்டுல ஆரம்பிச்சிருக்கணும் என்றான். சொல்லிவிட்டு மட்டம் பார்த்த அந்தக் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான், யாராவது வந்து மிச்ச வேலையைச் செய்வார்களாம், அவர்களுக்கு உதவுமாம். யார் வரப்போகிறார்கள். வெளியாள் வந்தால் ஊர் விடாது, உள்ளூரில் வேறு இன்ஜினியர் இல்லை. வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று நீ சொல்வாய், நடுவில் ஓடை ஓடுகிற வீட்டை எவன் வாங்குவான் சொல். என்னையும் சித்தி வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள், அங்கே இருப்பதே இரண்டு அறை, நானும் போய் உட்கார்ந்தால் அவர்கள் எங்கே படுப்பார்கள். மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது, இருமிக்கொண்டுதான் ஓடுகிறது. சாப்பாட்டுக்கு நீ கவலைப்படாதே. வேளை தவறாமல் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தட்டு வந்துவிடுகிறது, ரசமட்டத்துக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போடுகிறார்கள், அண்ணி எப்படி இருக்காங்க என்று கண் கலங்கக் கேட்கிறார்கள், திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அவர்கள் வீட்டுச் சோறுதான் வாயில் இருக்கிறது. கேட்டது எல்லாம் கொடுக்கிறார்கள், அந்த ஒரு முழ இடத்தை மட்டும் கேட்டால் மேலே கையைக் காட்டுகிறார்கள்.

லீவுக்கு வருவதாகச் சொன்னாயே, குட்டியைக் கூட்டிக்கொண்டு நேராகச் சித்தி வீட்டுக்கே போய்விடு, நான் அங்கே வந்து உங்களைப் பார்க்கிறேன். இங்கே குழந்தை இருக்கிற மாதிரி இல்லை. அம்மாவிடம் அறையைப் பற்றி உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, பெட்டி படுக்கை வைக்க இடம் இருக்கு, உன் அறையைக் கூட்டிப் பெருக்கி வெச்சுட்டுத்தான் இங்க வந்திருக்கேன் என்று போனில் சொல்வாள், சரிம்மா என்று சொல்லிவிடு. மாலையில் ஒரு தடவை அவளுக்குப் போன் போடு, மருந்து போட்டுக்கொண்டாயா என்று கேள், நான் கேட்டால் எரிந்து விழுவாள், நீ கேட்டால் பதில் சொல்வாள். வீட்டுக்கு எப்போது திரும்பப் போகிறாய் என்று மட்டும் கேட்காதே. என்னிடம் தினமும் போனில் பேசுகிறாள், சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்பதில்லை. கடைக்காரர் வீட்டுப் படி இருக்கா என்று கேட்கிறாள். இருக்கு என்கிறேன். அப்ப சரி என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும், குட்டி உயரமாக வளர வேண்டும், எந்தத் தண்ணீரும் உங்கள் வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும், அப்பாவால் இப்போதைக்குக் கொடுக்க முடிந்தது இந்த ஆசீர்வாதம்தான். வீடு பார்க்கும்போது மாப்பிள்ளையைத் தரைமட்டம் பார்த்து வாங்கச் சொல். அம்மாவுக்குப் போன் போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மில்லில் உன் மேஜையில் உட்கார்ந்து எழுதும்
உன் அப்பா